செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணி: ரோட்டரி வாரக் கூட்டத்தின் கதை

தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊர் எதற்குள் நுழைந்தாலும் பற்சக்கரம் வரைந்த வரவேற்புப் பலகை ஒன்று நிற்கும். ரோட்டரி சங்கம் அன்புடன் வரவேற்கிறது என்பதற்குக் கீழே, வெயிலில் பாதி அழிந்த பொடி எழுத்தில், கூட்டம் நடக்கும் கிழமையும் நேரமும் இடமும் இருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு இன்ன ஹோட்டல் மாடியில் பத்து முப்பது பேர் கூடுவது, கல்யாணத்துக்கு வருகிறவருக்கும் லோடு இறக்க வருகிறவருக்கும் எதற்குத் தெரிய வேண்டும்?

அவர்களுக்காக எழுதியதல்ல அது. வெளியூரிலிருந்து வருகிற இன்னொரு ரோட்டரி உறுப்பினருக்காக எழுதியது. சொந்த ஊர்க் கூட்டத்தைத் தவறவிட்டவர், அதற்கு முன்போ பின்போ 14 நாளுக்குள் உலகில் எந்த ஊர்ச் சங்கத்திலாவது போய் உட்கார்ந்தால் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நெடுநாள் இருந்த விதி. 'மேக்கப்' என்பார்கள். திருப்பூரிலிருந்து சரக்கு விஷயமாக மதுரைக்குப் போனவர் அன்று மாலை அங்குள்ள சங்கத்தில் சாப்பிட்டுவிட்டு, வந்ததற்கு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார். அதைத் தன் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் ஆயிற்று.

வருகை விஷயத்தில் ரோட்டரியின் பொது விதித்தொகுப்பு நெடுங்காலம் கறாராக இருந்தது. ஒவ்வோர் அரையாண்டிலும் பாதிக் கூட்டத்துக்காவது வந்திருக்க வேண்டும், அல்லது ஈடுகட்டியிருக்க வேண்டும். தலையைக் காட்டிவிட்டு நழுவினால் கணக்கில் வராது. கூட்ட நேரத்தில் 60 சதவீதமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து நான்கு கூட்டம் வராதவரை நீக்கலாம். வயதையும் ரோட்டரியில் இருந்த ஆண்டுகளையும் கூட்டினால் 85 வரும் பெரியவர்கள் (அதில் ரோட்டரி ஆண்டுகள் 20 ஆவது இருக்க வேண்டும்) எழுதிக் கேட்டு விலக்கு வாங்கிக்கொள்ளலாம்.

சேவைச் சங்கம் என்கிறார்கள். ஆனால் இரத்ததான முகாமுக்கு வந்தாயா என்று கேட்காமல் கூட்டத்துக்கு வந்தாயா என்றுதான் விதி நெடுநாள் கேட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சாப்பாட்டுச் சங்கம் என்று கேலி பேசுவதும் இதனால்தான். கேலியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விதியிலும் நியாயம் இருக்கிறது. ரோட்டரியில் கூட்டம்தான் முதலில் வந்தது. சேவை அதற்குள்ளிருந்து பிறகு முளைத்தது.

பால் ஹாரிஸ் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கிராமமொன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வக்கீலாகிச் சிகாகோவுக்கு வந்து தொழில் நடத்தினார். தெரிந்த முகம் இல்லாத பெருநகரம். 1900இல் நண்பரான இன்னொரு வக்கீலுடன் இரவு உணவுக்குப் பிறகு நடந்து போகையில், அந்த நண்பர் வழியிலிருந்த கடைக்காரர்களைப் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தார். நகரத்துக்குள்ளும் கிராமத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஹாரிஸுக்கு அங்கேதான் விழுந்தது. செயலுக்கு வர ஐந்து வருடம் ஆயிற்று. 1905 பிப்ரவரி 23 அன்று யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள்: வக்கீல் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையல் தொழில் நடத்திய ஹைரம் ஷோரி. அறை லோருடையது. அடுத்த கூட்டம் ஹாரிஸின் அலுவலகத்தில், அதற்கடுத்தது ஷீலியின் நிலக்கரிக் கிடங்கில். இப்படிச் சுழன்று சுழன்று கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர். இரண்டாவது கூட்டத்துக்கு வந்த அச்சகக்காரர் ஹாரி ரகிள்ஸ், கூட்டத்தில் பேச்சு மந்தமாகும்போது எல்லாரையும் பாட வைக்கிற பழக்கத்தைப் பின்னால் கொண்டுவந்தார்.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அன்றைய ஏற்பாடு. ஒரு வக்கீல், ஒரு தையற்காரர், ஒரு அச்சகக்காரர். போட்டியாளர் யாரும் உள்ளே இல்லாததால் மனம்விட்டுப் பேசலாம். வியாபாரத்தையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். இதை அவர்கள் ஒளிக்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் வாங்கிக் கொடுத்தார் என்று குறித்துவைக்கவே தொடக்கத்தில் தனியாக ஒரு பொறுப்பாளர் இருந்தார். இன்று கொங்கு நாட்டு ஹோட்டல்களில் காலை ஏழு மணிக்குக் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் கைகாட்டிவிடும் வணிகக் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு, 1905இன் ரோட்டரி எப்படி இருந்திருக்கும் என்று எளிதாகப் பிடிபடும்.

இதை மாற்றிவிட்டது ஒருவரின் மறுப்பு. 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேர அழைத்தார்கள். தங்களுக்குள் மட்டும் நன்மை பார்த்துக்கொள்ளும் சங்கம் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் சேர மறுத்தார். நோக்கங்களில் ஊர்நலனையும் எழுதிச் சேர்த்த பிறகு சேர்ந்தார். 1907இல் சங்கம் கையிலெடுத்த முதல் பொதுக்காரியம், சிகாகோ நகர மண்டபத்தின் அருகே பொதுக் கழிப்பறை. எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? மதுக்கடைகளில்தான் கழிப்பறை இருக்கிறதே என்றார்கள் பீர் உற்பத்தியாளர்கள். பெண்களுக்கு எங்கள் கடைகளில் வசதி உண்டே என்றார்கள் பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள். இரண்டு இடத்திலும் உள்ளே போனவர் எதையாவது வாங்காமல் வெளியே வருவது கடினம்! வியாபாரிகள் சங்கம் வியாபாரிகளையே எதிர்த்துக் கழிப்பறையைக் கட்ட வைத்தது. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கழிப்பறை தேடி அலைந்த எவரும் இந்தத் திட்டத்தைக் குறைவாக மதிப்பிட மாட்டார்.

தொடக்கக் கூட்டங்கள் வாரம்தோறும் நடந்தவை அல்ல. முதல் மூன்றும் இரண்டு வார இடைவெளியில் நடந்தவை. மதிய உணவோடு ஒழுங்காகக் கூடும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் சங்கத்தார். 1909இல் உருவான சங்கம் அது. அலுவலகம் அலுவலகமாகச் சுழல உறுப்பினர் எண்ணிக்கை இடம் கொடுக்காமல் போனதும், ஹோட்டல் மேசை நிலையான இடமாயிற்று. எப்படியும் மதியம் சாப்பிடத்தான் வேண்டும், அதைச் சேர்ந்து சாப்பிடுவோம் என்ற எளிய கணக்கு. அமெரிக்காவில் மதியச் சாப்பாடாகத் தொடங்கியது நம் சிற்றூர்களுக்கு வந்தபோது இரவுச் சாப்பாடாயிற்று. கடையை மதியம் விட்டுவிட்டு வர எந்த மளிகை மண்டிக்காரராலும் முடியாது.

இந்தியாவின் முதல் சங்கம் கல்கத்தாவில், 1919இல். தென்னாட்டுக்கு அது வந்துசேர்ந்ததற்கு ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடாக்காரரின் நெடும் பயணம் காரணம். 1928இல் மனைவியும் மகளுமாகக் கப்பலேறியவர், ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களை நிறுவினார். சென்னை, கொழும்பு சங்கங்கள் 1929இல் பிறந்தன. கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் சங்கங்கள் அடுத்த ஆண்டில். தமிழர் வாழும் ஊர்கள் பலவற்றுக்கு ஒரே ஆள் ஒரே பயணத்தில் இதைக் கொண்டுவந்தார் என்பது வியப்புதான். காலனி ஆட்சிக்காலச் சங்கம் என்பதால் வெள்ளைக்காரக் கம்பெனி மேலாளர்களும் அவர்களோடு பழகிய மேல்தட்டு இந்தியர்களுமே முதலில் உள்ளே இருந்தார்கள். ஆங்கிலமும் கோட்டும் அன்று ஒட்டிக்கொண்டவை. கோட்டைக் கழற்ற நெடுநாள் ஆயிற்று, சில ஊர்களில் ஆங்கிலம் இன்னும் கழலவில்லை.

இனி கூட்டத்துக்குள் போவோம். ஏழரை என்றால் எட்டுக்குத் தொடங்கும். தலைவர் கழுத்தில் முந்தைய தலைவர்களின் பெயர் பொறித்த பட்டைகள் கொண்ட காலரை அணிவிப்பார்கள். சிறிய வெண்கல மணியைச் சுத்தியலால் தட்டினால் கூட்டம் தொடங்கியதாகப் பொருள். இறைவணக்கமோ தமிழ்த்தாய் வாழ்த்தோ பாடிய பிறகு நான்கு வழிச் சோதனையைச் சேர்ந்து சொல்வார்கள்: நாம் நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா. 1932இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சிகாகோ அலுமினியப் பாத்திரக் கம்பெனியை நிமிர்த்தப் போன ஹெர்பர்ட் டெய்லர், ஊழியர்களுக்காக எழுதிய 24 ஆங்கிலச் சொற்கள் இவை. பாத்திரம் விற்கிறவர் தன் விளம்பரத்தில் பொய் இருக்கிறதா என்று பார்க்க எழுதியதை, ரோட்டரி 1943இல் தனதாக்கிக்கொண்டது. ஜிஎஸ்டி கணக்கெழுதும் ஆடிட்டர் ஒருவர் முன்வரிசையில் நின்று இதைச் சத்தமாகச் சொல்வதைக் கேட்க எனக்கு எப்போதும் சுவாரசியமாக இருக்கும்.

பிறகு விருந்தினர் அறிமுகம், அந்த வாரத்துப் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து, செயலாளர் அறிக்கை. சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்றொரு பதவி உண்டு. பெயரில் மிரட்டல் இருந்தாலும் வேலை இதுதான்: நாற்காலி, மைக், சாப்பாடு பார்ப்பது, செல்போன் அடித்தவருக்கும் சட்டையில் சக்கர வில்லை குத்தாமல் வந்தவருக்கும் அபராதம் போடுவது. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் 'ஃபைன்' உண்டு, சந்தோஷத்துக்கு. பெட்டியில் விழும் நூறும் ஐநூறும் ஆண்டு இறுதியில் ஒரு பள்ளிக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியாக மாறும்.

கூட்டத்தின் உயிர் என்று நான் நினைப்பது சிறப்பு விருந்தினரின் இருபது நிமிடம். சிறுநீரக மருத்துவர், போக்குவரத்து ஆய்வாளர், மண்புழு உரம் போடுகிறவர், கல்வெட்டு படிக்கிற ஆசிரியர் என்று யாரும் வரலாம். சிறிய ஊரில், தன் தொழிலுக்கு அப்பாற்பட்ட விஷயம் ஒன்றை வாராவாரம் கேட்கவும் கேள்வி கேட்கவும் கடைக்காரருக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? ஆனால் இந்த இருபதுதான் முதலில் அடிபடுகிறது. மேடையில் வீற்றிருப்போர், முன்னாள் தலைவர்கள், மாவட்டப் பொறுப்பாளர்கள் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து முடிப்பதற்குள் மணி ஒன்பது. சமையற்கட்டிலிருந்து பரோட்டா வாசனை வரும்போது விருந்தினர் தன் குறிப்புகளில் பாதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூலை 1 வந்தால் புதியவர். முதல்நாள் வரை மணி அடித்தவர் மறுநாள் முன்னாள் தலைவர். யாரும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட முடியாத இந்த ஏற்பாடு நம் ஊர் அமைப்புகளில் அபூர்வம். அதற்கு விலையும் உண்டு. அடுத்த தலைவர் யார் என்ற சண்டையில் சங்கம் இரண்டாகி, அதே ஊரில் சென்ட்ரல், மிட்டவுன், எலைட் என்று வால் முளைத்த புதுச் சங்கங்கள் பிறப்பதுண்டு. கல்யாணப் பத்திரிகையில் 'ரொட்டேரியன்' என்றும் 'அரிமா' என்றும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது தனிக் கதை. அரிமா சங்கம் என்று நாம் சொல்லும் லயன்ஸ், 1917இல் அதே சிகாகோவில் பிறந்த தம்பி. பொதுவாக மாதம் இரண்டு கூட்டத்தோடு அங்கே திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சடங்குக்கும் பயன் என்ன என்று கேட்டால், போலியோவைக் காட்டுவேன். 1979இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தோடு ரோட்டரி இதில் இறங்கியது. 1985இல் உலகம் முழுவதற்குமான திட்டத்தை அறிவித்து 12 கோடி டாலர் திரட்ட இலக்கு வைத்தார்கள். 1988க்குள் சேர்ந்தது 24.7 கோடி. அதே ஆண்டு உலகச் சுகாதார அமைப்பு, யூனிசெஃப், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்துடன் உலகப் போலியோ ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. இந்தியாவில் 1995 முதல் தேசிய பல்ஸ் போலியோ நாள்கள் வந்தன. அதற்கு முன்பே, ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் மருந்து புகட்டுகிற முறைக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று நோய் கண்ட ஹௌரா மாவட்டத்துச் சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

மருந்தும் சுகாதார ஊழியர்களும் அரசினுடையவை. பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் கிராமச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும்தான். அதைச் சொல்லாமல் சங்கத்துக்கு மாலை போடுவது நியாயமாகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால் வியாழக்கிழமைக்குள் சில காரியங்கள் ஆக வேண்டும். மருந்துப் பெட்டிக்கு ஐஸ், ஊழியர்களை இறக்கிவிட வேன், மைக் கட்டிய ஆட்டோ, திறந்து வைத்த பள்ளிக்கூடம், மதியச் சாப்பாடு. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று கூட்டிவைத்த மேசையில் ஐஸ் ஃபாக்டரிக்காரரும் பஸ் முதலாளியும் பள்ளித் தாளாளரும் ஹோட்டல்காரரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. வாராவாரம் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவரிடம் ஒரு வேனுக்கு இல்லையென்று சொல்ல முடியாது. கறாரான வருகை விதி ஊருக்கு ஈட்டிக் கொடுத்தது இந்த இல்லையென்று சொல்ல முடியாத நிலையைத்தான். இன்று பல ஊர்களில் எரிவாயு மயானத்தை நகராட்சியிடமிருந்து வாங்கி ரோட்டரி அறக்கட்டளைகள் ஒழுங்காக நடத்துவதும் இதே பழக்கத்தின் பலம்.

இலங்கையில் இது இன்னும் கடினமான இடத்தில் சோதிக்கப்பட்டது. போர்க்காலத்தில் தடுப்பு மருந்து நாள்களுக்காகச் சண்டையை நிறுத்திவைக்கப் பேசியதில் யூனிசெஃபோடு ரோட்டரிக்கும் பங்குண்டு. அங்கே அந்தப் பணியை முன்னின்று நடத்திய கொழும்புத் தொழிலதிபர் கே. ஆர். ரவீந்திரன் 2015-16இல் ரோட்டரியின் உலகத் தலைவரானார்.

மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தோம். யார் உட்காரவில்லை என்பதையும் கேட்க வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்றாலும், தொழில் என்பது பெயர்ப்பலகை மாட்டிய தொழில். ஐஸ் ஃபாக்டரி முதலாளிக்கு இடமுண்டு, அங்கே கட்டி உடைக்கிறவருக்குக் கிடையாது. அதைவிட நீண்ட நாள் வெளியே நின்றவர்கள் பெண்கள். மனைவிமாருக்கு 'ஆன்' என்று பெயர் வைத்துக் குடும்ப விழாவுக்கு அழைத்தார்கள். அவர்களுக்கென்று 1924இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தொடங்கிய இன்னர் வீல் தனியாக ஓடியது. ஊரில் ஒரு பெண் மருத்துவர் எவ்வளவு புகழ் பெற்றாலும், உறுப்பினர் நாற்காலி அவர் கணவருக்குத்தான்.

இதை உடைத்தது கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிறிய ஊர்ச் சங்கம். ஆள் குறைந்துபோனதால் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். தலைமையகம் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று பெண்கள் பக்கம் தீர்ப்பானது. எங்கள் கூட்டம் தனிப்பட்ட நட்பு வட்டம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம் என்று ரோட்டரி வாதாடியது. நீதிபதிகள் வாரக் கூட்டத்தையே எடுத்துக் காட்டினார்கள். வெளியூர் உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் கதவைத் திறந்துவைக்கிற, அந்நியர் முன்னிலையில் காரியம் நடத்துகிற அமைப்பு, குடும்பம் போன்ற அந்தரங்க உறவு என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றார்கள். 'மேக்கப்' விதியால் திறந்த கதவு ஆண்கள் மட்டும் என்ற விதிக்கு எமனாயிற்று. 1989இல் ரோட்டரி உலகம் முழுவதற்கும் விதியைத் திருத்தியது. முதல் பெண் உலகத் தலைவராக ஜெனிஃபர் ஜோன்ஸ் வர 2022 ஆயிற்று.

2016இல் விதிகளைத் திருத்தும் மன்றம் வாரக் கட்டாயத்தைத் தளர்த்தியது. மாதம் இரண்டு முறையாவது கூடினால் போதும், எங்கே எப்படிக் கூடுவது, வருகைக்கு என்ன விதி என்பதைச் சங்கங்களே வைத்துக்கொள்ளலாம். தொடக்கக் கால இரண்டு வாரக் கணக்குக்கே திரும்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். கொரோனா வந்து திரையிலும் கூட்டம் நடத்தலாம் என்று பழக்கிவிட்டது. உறுப்பினர் எண்ணிக்கையில் இந்தியா இன்று அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் உள்ளூர்ச் சங்கத்தின் செயலாளரைக் கேட்டால், அறைக்குள் முகம் சேர்ப்பதுதான் பெரும்பாடு என்பார்.

தளர்த்தியது சரியா? எனக்குப் பாதிச் சம்மதம். வேலைக்குப் போகும் பெண்ணும், மாத வருமானத்தில் வாழும் முப்பது வயதுக்காரரும் வாரம் ஒரு மாலையையும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவையும் ஒதுக்க முடியாமல்தான் விலகி நின்றார்கள். அந்தத் தடை குறைந்தது நல்லது. ஆனால் மாதம் இரண்டு கூட்டம் என்றால், ஒன்றைத் தவறவிட்டவர் ஒரு மாதம் யாரையும் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் வெள்ள நிவாரணத்துக்குப் பணம் ஒரே இரவில் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் காலை அரிசி மூட்டையை ஏற்ற லாரியோடு யார் வருவார் என்று கேட்கும்போதுதான் குழு அமைதியாகிறது. சில சங்கங்கள் இதற்கு நடுவழி பார்த்திருக்கின்றன. இரவு விருந்தை மாதம் ஒருமுறைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற வாரங்களில் ஏழு மணிக்குத் தேநீரும் சுண்டலுமாகக் கூடி எட்டேகாலுக்குக் கலைகிறார்கள். அங்கே பொன்னாடைக்கு நேரமில்லை.